புது புஷ் கிரிக்கெட் பூச்சி மாதிரி ஒண்ணு கெடச்சிருக்கு, முறைப்படி விவரிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கறது?

இரவுநடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுமையா படிச்சிட்டு பதில் சொல்லுங்க ப்ளீஸ்.

நான் பூச்சியியல் படிச்சவ இல்ல. ஆனா ஏழெட்டு வருஷமா ராத்திரில டார்ச்சும் கேமராவும் எடுத்துக்கிட்டு பூச்சி பாக்கப் போறேன். போன மாசம் ஓடைக்கரைப் புதர்ல, இடுப்பு உயரத்துல, ஒரு புஷ் கிரிக்கெட்டை, அதாவது சுவர்க்கோழிக்குச் சொந்தமான நீளமீசைப் பூச்சியைப் பாத்தேன். பச்சை உடம்பு, கழுத்துக்குப் பின்னாடி சேணம் மாதிரி இருக்கற பட்டைல ரெண்டு பக்கமும் காப்பிக்கொட்டை நிறத்துல கோடு, ரெக்கை ரொம்பக் குட்டை, பாதி வயித்தைக்கூட மூடல. மீசை மட்டும் உடம்பை விட மூணு மடங்கு நீளம், அதுல நடுநடுவுல வெள்ளை வளையம். நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே ரெக்கையைத் தூக்கி உரசுது, ஆனா காதுல விழுந்தது ஊசியால நகத்தைத் தட்டற மாதிரி மெல்லிசா ஒரு டிக் டிக் டிக், மூணு தடவை, அப்புறம் நிறுத்திடுது. இவ்ளோ வேகமா உரசற பூச்சிகிட்டேருந்து இவ்ளோதான் சத்தமான்னு ஆச்சரியமா இருந்துச்சு.

அப்புறம் மூணு வாரமா அதே எடத்துக்குப் போறேன். இதுவரைக்கும் ஆண் 5 பாத்திருக்கேன், பெண் 1. ஒரு ஆண் தானா செத்துக் கெடந்தது, அதை எடுத்து டப்பால வச்சிருக்கேன் (அந்த எடத்துல சேகரிக்கறதுக்கான அனுமதி இருக்கற ஒரு ஆராய்ச்சியாளரோட சேர்ந்துதான் போறேன், அதனால அந்தப் பிரச்சினை இல்ல). நெட்ல இருக்கற போட்டோ எல்லாம் தேடிப் பாத்துட்டேன், எதோடயும் ஒத்துப்போகல. கூட வர்றவருக்கும் தெரியல, அவர் தவளை பாக்கறவர்.

இது புது இனம்னா முறைப்படி விவரிச்சு பேர் வைக்கணும்னு ரொம்ப ஆசை. எங்கம்மா ராத்திரிச் சத்தத்தை வச்சே இது எந்தப் பூச்சி, எந்தச் செடில உக்காந்திருக்குன்னு சொல்லுவாங்க, கண்ணு மங்கின பிறகும் சொல்லுவாங்க. இப்ப அவங்க இல்ல. அவங்க பேரை வைக்கணும்னு மனசுல இருக்கு. ஆனா எதையும் தப்பா பண்ணிடக்கூடாது. எங்க ஆரம்பிக்கறது, என்ன பாக்கணும், புதுசுதான்னு எப்படி உறுதியா சொல்றது?


பச்சைமீசை எழுதியது:

வாழ்த்துகள்ங்க, நீங்க எழுதின விதத்துலயே நல்லா கவனிச்சிருக்கீங்கன்னு தெரியுது. நான் இந்தக் குடும்பத்தைத்தான் பல வருஷமா பாக்கறேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. நெட்ல இருக்கற போட்டோவோட ஒத்துப்போகலங்கறது புது இனம்ங்கறதுக்கு ஆதாரமே இல்ல. இந்தக் குடும்பத்துல, அதாவது டெட்டிகோனிடேல, பேர் வச்ச இனமே 8,000-க்கு மேல இருக்கு. அதுல ஏகப்பட்டது உயிரோட இருக்கும்போது எடுத்த ஒரு போட்டோகூட இல்லாம, ஏதோ ஒரு மியூசியம் டிராயர்ல குண்டூசில குத்தின, பழுப்பா மாறிப்போன ஒரே ஒரு உடம்பா மட்டும்தான் இருக்கு. நீங்க போட்டி போட வேண்டியது அந்த டிராயரோடதான், போட்டோவோட இல்ல.

என் கதையையே சொல்றேன். பத்து வருஷம் முன்னாடி ஒரு ஆண் கெடச்சுது, கண்டிப்பா புதுசுன்னு நெனச்சு படம் வரைஞ்சு, அளவெல்லாம் எடுத்து, பாதிக் கட்டுரை எழுதியாச்சு. கடைசில பாத்தா 19-ஆம் நூற்றாண்டுல ஒரே ஒரு பெண்ணை மட்டும் வச்சு யாரோ விவரிச்சிருக்காங்க, ஆண் எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கு. என்கிட்ட இருந்தது அந்த ஆண். அன்னைக்கு மனசு ஒடஞ்சுபோச்சு, ஆனா நூறு வருஷத்துக்கு மேல தெரியாம இருந்த ஆணை விவரிச்சதும் உருப்படியான வேலைதான். உங்களுக்கும் இப்படி ஆகலாம், அதுக்கு மனசைத் தயாரா வச்சுக்கங்க.

சரி, பூச்சிக்கு வருவோம். புஷ் கிரிக்கெட்தானான்னு முதல்ல பாருங்க. பாதத்துல கணு 4 இருக்கணும், சாதாரண சுவர்க்கோழின்னா 3 தான். முன்னங்கால்ல முட்டிக்குக் கொஞ்சம் கீழ ஒரு சின்னப் பிளவோ சவ்வோ இருக்கும், அதுதான் காது. பெண்ணோட வால்ல பக்கவாட்டுல தட்டையா வாள் மாதிரியோ அரிவாள் மாதிரியோ ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், முட்டை வைக்கறதுக்கு. சுவர்க்கோழிக்கு அது ஊசி மாதிரி உருண்டையா இருக்கும். ரெக்கை குட்டைங்கறதால இது வளர்ந்ததா குஞ்சான்னு சந்தேகம் வரும், ஆனா உங்க ஆண் சத்தம் போடுது, அதனால வளர்ந்ததுதான். பெண் விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. கடைசி நிலைக் குஞ்சுல ரெக்கை மொட்டு திரும்பி இருக்கும், பின்ரெக்கை மொட்டு மேலயும் முன்ரெக்கை மொட்டு அடியிலயும் இருக்கும், அதைப் பாத்து உறுதி பண்ணிக்கங்க.

இப்ப முக்கியமான எடம். நெறத்தை நம்பாதீங்க. ஒரே இனத்துல பச்சையும் வரும் பழுப்பும் வரும். அந்தக் காப்பிக்கொட்டைக் கோடு, மீசைல வெள்ளை வளையம் எல்லாம் எழுதி வைக்கணும், ஆனா இனத்தைப் பிரிக்கறது பெரும்பாலும் ஆணோட வால்முனைதான். அங்க ரெண்டு பக்கமும் செர்சைனு சின்னக் கொக்கி மாதிரி உறுப்பு இருக்கும், இணையும்போது பெண்ணைப் பிடிச்சுக்க. மைக்ரோஸ்கோப்ல மேலேருந்தும் பின்னாடியிலிருந்தும் பாத்தீங்கன்னா ஒரு இனத்துல அது வெறும் கூம்பா இருக்கும், பக்கத்து இனத்துல நுனி உள்பக்கமா வளைஞ்சு ஒரு கருப்புப் பல்லோட இருக்கும், இன்னொண்ணுல அந்தப் பல் நடுவுல இருக்கும். அந்த ஒரு பல் எங்க இருக்குங்கறதுலதான் சில சமயம் ரெண்டு இனமே பிரியும். அதுக்கு அடியில இருக்கற தட்டோட வெட்டு எவ்வளவு ஆழம், அதுல ரெண்டு குட்டிக் குச்சி நீட்டிக்கிட்டு இருக்கா இல்லையா, உள்ள இருக்கற டிட்டிலேட்டர்ங்கற கெட்டியான பாகம் எப்படி இருக்கு, இதெல்லாம் வரையணும். போட்டோ மட்டும் போதாது, வரைஞ்சாத்தான் நீங்களே ஒழுங்கா பாப்பீங்க.

உங்க டப்பால இருக்கறது காய்ஞ்சிருந்தா அப்படியே தொடாதீங்க, கால் ஒடஞ்சு வந்துடும். மூடின டப்பால ஈரமான டிஷ்யூ பேப்பர் வச்சு, பூச்சி அதுல படாம மேல ஒரு சின்னத் தட்டுல வச்சு ஒருநாள் விடுங்க, மூட்டெல்லாம் இளகிடும். ரொம்ப நாள் விட்டா பூஞ்சை பிடிச்சிடும். நடுக்கால் ஒண்ணை எடுத்து 95 சதவீதத்துக்கு மேல இருக்கற எத்தனால்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க, பின்னால டிஎன்ஏவுக்கு உதவும். பச்சை எப்படியும் போயிடும், தடுக்கவே முடியாது, அதனால உயிரோட இருக்கறதை எல்லாப் பக்கத்துலேருந்தும் இப்பவே போட்டோ எடுங்க, முகத்தை நேரா ஒண்ணு, வால்முனையை ஒண்ணு.

ஒப்பிட ஆர்த்தோப்டெரா ஸ்பீசிஸ் ஃபைல்னு ஒரு இலவச டேட்டாபேஸ் இருக்கு, மியூசியத்துல இருக்கற டைப் ஸ்பெசிமென், அதாவது பேர் வைக்கும்போது ஆதாரமா வச்ச பூச்சியோட போட்டோ நெறைய அதுல கெடைக்கும். முதல்ல எந்த ஜீனஸ்னு, அதாவது நெருங்கின இனங்கள் சேர்ந்த எந்தப் பேரினம்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் அந்த ஜீனஸ்ல இதுவரைக்கும் பேர் வச்ச ஒவ்வொண்ணோட மூல விவரணையையும் படிக்கணும், ஒண்ணுகூட விடக்கூடாது. பழசெல்லாம் லத்தீன், ஜெர்மன், ஃபிரெஞ்சுல இருக்கும். ப்ரூனர் வான் வாட்டன்வீல்னு ஒருத்தர் 1878-ல ஃபனெராப்டெரிட்ங்கற புஷ் கிரிக்கெட் குழுவுக்கும் 1895-ல சூடோஃபில்லிட்ங்கற இன்னொரு குழுவுக்கும் தடித்தடியா எழுதி வச்சிருக்கார், இன்னைக்கும் அதைத் தொடாம வேலை ஓடாது. அவரோட சேகரிப்பு வியன்னா மியூசியத்துல இருக்கு, போட்டோ கேட்டு மெயில் போட்டா இந்த மாதிரி எடங்கள்ல பெரும்பாலும் உதவுவாங்க.


ஒலிவேட்டை எழுதியது:

பச்சைமீசை அண்ணன் உடம்பைப் பத்தி சொல்லிட்டார், நான் சத்தத்தைப் பத்தி சொல்றேன், ஏன்னா நீங்க எழுதினதுல என்னைப் பிடிச்சு இழுத்தது அந்த "இவ்ளோதான் சத்தமா"ங்கற வரிதான்.

அவ்ளோதான் இல்லைங்க. உங்களுக்குக் கேக்கறது அதோட மிச்சம் மீதி. புஷ் கிரிக்கெட் நெறைய இனம் நம்ம காதுக்கு மேல, 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலதான் பாடும். உச்சத்துக்கு ஒரு உதாரணம் சொல்றேன், சூப்பர்சோனஸ்னே ஒரு ஜீனஸுக்குப் பேர் வச்சிருக்காங்க, 2014-ல விவரிச்சது, ஈக்வடார்லயும் கொலம்பியாவோட கோர்கோனா தீவுலயும் இருக்கு, அதுல ஒரு இனம் 150 கிலோஹெர்ட்ஸ்ல பாடுது. அதுவும் சத்தமா. பக்கத்துல நின்னாலும் நமக்கு ஒண்ணும் தெரியாது.

போன்ல ரெக்கார்ட் பண்ணியிருந்தீங்கன்னா அது நொடிக்கு 48,000 சாம்பிள்தான் எடுக்கும், அதுல பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பதிவாகும். வவ்வால் சத்தம் பிடிக்கற அல்ட்ராசோனிக் மைக் யார்கிட்டயாவது வாங்குங்க, 384 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் இருந்தா 190 வரைக்கும் வந்துடும், பெரும்பாலான இனத்துக்கு அது தாராளம்.

ரெக்கார்டிங் எடுக்கும்போது நீங்க கட்டாயம் எழுத வேண்டியது வெப்பநிலை. பூச்சிக்கு உடம்புச் சூடு வெளிச்சூட்டோடயே ஏறி இறங்கும், 18 டிகிரில மெதுவா உரசறது 27-ல வேகமா உரசும். வெப்பநிலை எழுதாம ரெண்டு ரெக்கார்டிங்கை ஒப்பிட்டு "இது வேற இனம், வேகம் வேற"ன்னு சொன்னா யாரும் ஏத்துக்க மாட்டாங்க. பூச்சி உக்காந்திருக்கற இலைக்குப் பக்கத்துல தெர்மாமீட்டரை வச்சு எடுங்க, வீட்டு வாசல்ல எடுத்தது செல்லாது. மைக் எவ்வளவு தூரத்துல இருந்துச்சு, எத்தனை மணி, இதையும் ரெக்கார்டிங் ஆரம்பத்துல வாயாலயே சொல்லிடுங்க, அப்ப நோட்டு தொலைஞ்சாலும் தகவல் தொலையாது.

இன்னொண்ணு, ரெக்கார்ட் பண்ணின அதே ஆளையே ஸ்பெசிமெனா வைக்கணும். ஒரு புதர்ல ரெண்டு மூணு இனம் இருக்கும், பாடினது ஒண்ணு பிடிச்சது ஒண்ணுன்னு ஆகிட்டா எல்லா உழைப்பும் போச்சு. எனக்கு அப்படி 40 ரெக்கார்டிங் வீணாப் போயிருக்கு, இன்னைக்கும் அதுல பாடறது யாருன்னு எனக்குத் தெரியாது. பாடறதைக் கண்ணால பாத்து, ரெக்கார்ட் பண்ணி, அதுக்கப்புறம் பிடிச்சு, ரெண்டுக்கும் ஒரே நம்பர் போடுங்க.

உடம்புலயும் சத்தத்தோட கருவியைப் பாக்கணும். புஷ் கிரிக்கெட்ல இடது ரெக்கை மேல இருக்கும், சுவர்க்கோழில வலது மேல. இடது ரெக்கையைத் தூக்கி அடிப்பக்கம் பாத்தா ஒரு நரம்பு மேல வரிசையா பல் இருக்கும், சீப்பு மாதிரி, அதை வலது ரெக்கையோட ஓரம் சுரண்டும். வலது ரெக்கைல கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிசு சவ்வு இருக்கும், அதோட பேரே மிரர்தான், சத்தத்தைப் பெருசாக்கி அனுப்பறதுல அதுக்கு முக்கியப் பங்கு. பல் எத்தனை, வரிசை எவ்வளவு நீளம், நடுவுல இருக்கற இடைவெளி நுனிக்குப் போகப் போக எப்படி மாறுதுன்னு அளந்து எழுதுங்க. இந்தப் பல் எவ்வளவு பேசும்னா, சீனாவுல கெடச்ச 16.5 கோடி வருஷத்துக்கு முந்தின ஆர்க்கபாய்லஸ் மியூசிகஸ்ங்கற தொல்லுயிரோட ரெக்கைப் பல்லை அளந்தே அது 6.4 கிலோஹெர்ட்ஸ் கிட்ட பாடியிருக்கும்னு 2012-ல கணக்குப் போட்டு அந்தப் பாட்டையே திரும்ப உருவாக்கினாங்க. நான் முதல்தடவை அதைக் கேட்டப்ப உடம்பு சிலிர்த்துடுச்சு.


இரவுநடை எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ஒரே ராத்திரில இவ்ளோ கத்துக்குவேன்னு நெனைக்கல. கால் பாத்துட்டேன், கணு 4 தான். வவ்வால் பாக்கற ஒருத்தர்கிட்ட மைக் கேட்டிருக்கேன்.

இன்னும் மூணு சந்தேகம். நான் பாத்த பெண் இதே இனம்தான்னு எப்படிச் சொல்றது, பக்கத்துல இருந்துச்சுங்கறதால மட்டும் சொல்லலாமா? டிஎன்ஏ பாத்தா ஒரே அடியில முடிவு தெரிஞ்சிடாதா? அப்புறம் உயிரோட இருக்கறதைக் கொல்ல எனக்கு மனசு வரல, போட்டோவை மட்டும் வச்சு விவரிக்கலாமா?


லேப்மேசை எழுதியது:

டிஎன்ஏ பத்தி நான் சொல்றேன். உதவும், ஆனா தனியா அது மட்டும் போதாது. இனத்தைக் கண்டுபிடிக்க எல்லாரும் பாக்கற சிஓஐங்கற மைட்டோகாண்ட்ரியா ஜீன்ல இந்த வரிசைப் பூச்சிகளுக்குன்னே ஒரு தொல்லை இருக்கு. அந்த ஜீனோட பழைய செத்த பிரதிகள் நியூக்ளியஸ்குள்ள ஒட்டிக்கிட்டு கெடக்கும், பிசிஆர் பண்ணும்போது (டிஎன்ஏவைப் பல பிரதியெடுக்கற முறை) நெஜத்துக்குப் பதிலா அது வந்துடும், அப்ப ஒரே இனத்தை நாலஞ்சு இனம்னு காட்டிடும். 2008-ல வெட்டுக்கிளிலயும் கிரேஃபிஷ்ங்கற நன்னீர்ச் சிங்கி இறால் வகையிலயும் இதை நல்லாவே நிரூபிச்சிருக்காங்க. இந்தக் கூட்டத்துக்கு ஜீனோமே (மொத்த டிஎன்ஏ) பெருசு, அந்த மாதிரி பிரதி ஒளிஞ்சுக்க எடம் ஜாஸ்தி, லோகஸ்டா வெட்டுக்கிளியோடது மனுஷனோடதை விட ரெண்டு மடங்கு. அதனால வரிசை வந்ததும் நடுவுல ஸ்டாப் கோடான் (ஜீன் இத்தோட முடியுதுங்கற குறி) வருதான்னு பாருங்க, வந்தா அது போலி. வரலைன்னாலும் சுத்தம்னு அர்த்தம் இல்ல, வேற ஜீனையும் சேர்த்துப் பாக்கணும். அதோட, பக்கத்து இனங்களோட வரிசை ஏற்கனவே யாராவது எடுத்து வச்சிருந்தாத்தான் ஒப்பிடவே முடியும், அது பல ஜீனஸுக்கு இல்லவே இல்ல.


பச்சைமீசை எழுதியது:

பெண் விஷயம். பக்கத்துல இருந்துச்சுங்கறது போதாது. ஆனா இயற்கையே உங்களுக்கு ஒரு வழி வச்சிருக்கு. இவங்க இணைஞ்சு பிரிஞ்சதும் பெண்ணோட வாளுக்கு அடியில வெள்ளையா, ஜவ்வரிசிக் கூழ் மாதிரி ஒரு உருண்டை தொங்கும். ஆண் குடுத்த சீர் அது. சில இனத்துல ஆணோட எடைல மூணுல ஒரு பங்கு இருக்கும். பெண் அப்படியே குனிஞ்சு அதைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னும், தின்னு முடிக்கறதுக்குள்ள விந்து உள்ள போயிடும். உங்க ஆணோட இணைஞ்சு அந்த உருண்டையோட நிக்கற பெண்ணை ஒருதடவை பாத்துட்டீங்கன்னா அதை விடப் பெரிய சாட்சி வேண்டாம். இல்லன்னா வலைக்கூண்டுல ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாருங்க. சில குழுவுல பெண்ணும் ஆணுக்குப் பதிலா ஒரு சின்ன டிக் சொல்லும், அல்ட்ராசோனிக் மைக் இருக்கும்போது அதையும் கவனிங்க.

போட்டோவை மட்டும் வச்சு விவரிக்கறது விலங்குகளுக்குப் பேர் வைக்கற சர்வதேச விதிப்படி முழுசா முடியாதுன்னு சொல்ல முடியாது, ஆனா பெரிய சர்ச்சை, நான் வேண்டாம்னுதான் சொல்வேன். செர்சையோட பல்லும் ரெக்கையோட பல்லும் போட்டோல வராது. ஐம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் பக்கத்து இனம் ஒண்ணைக் கண்டுபிடிச்சு ஒப்பிட வந்தா கைல எடுத்துப் பாக்க ஒண்ணு இருக்கணும். அதுதான் ஹோலோடைப், அந்தப் பேரோட நங்கூரம் அது. கொல்ல மனசு வராதது எனக்குப் புரியுது, எனக்கும் ஒவ்வொரு தடவையும் கை நடுங்கும். வளர்ந்த ஆண் ஒரு பருவம் பாடிட்டு எப்படியும் செத்துடும், கூண்டுல வச்சு பாடவிட்டு, ரெக்கார்ட் பண்ணி, தானா போனதும் எடுத்து வைக்கலாம். நான் அப்படித்தான் பெரும்பாலும் செய்யறேன். என்ன, தினம் பாக்கணும், செத்து ஒரு நாள் விட்டாலே உள்ள அழுக ஆரம்பிச்சிடும், எறும்பும் வந்துடும்.

ஹோலோடைப்பா ஒரே ஒரு ஆணைத் தேர்ந்தெடுங்க, செர்சையும் ரெக்கையும் முழுசா இருக்கறதா. ரெக்கையைப் பிரிச்சுப் பல் எண்ணறதை மத்ததுல பண்ணுங்க, ஹோலோடைப்ல கை வைக்காதீங்க. 1999-க்கு அப்புறம் வர்ற எந்தப் பேருக்கும் எது ஹோலோடைப், எந்த ஊர்ல எந்த மியூசியத்துல வைக்கப்போறோம்னு கட்டுரையிலயே வெளிப்படையா சொல்லியாகணும், இல்லன்னா பேரே செல்லாது. வீட்டு அலமாரில வைக்கறது வேண்டவே வேண்டாம். இணையத்துல மட்டும் வர்ற இதழ்னா கட்டுரை வெளிவர்றதுக்கு முன்னாடியே ஸூபேங்க்ங்கற விலங்குப் பேர்ப் பதிவேட்டுல பதிஞ்சு அந்த நம்பர் கட்டுரைக்குள்ள இருக்கணும்.

அம்மா பேர் விஷயம். தாராளமா வைக்கலாம், பெண் பேர்னா கடைசில "ஏ"ன்னு (ae) முடியற லத்தீன் வேற்றுமை உருபு வரும், ஆண்னா "ஐ" (i). இது நல்ல வசதி, ஏன்னா நாளைக்கு இந்த இனத்தை வேற ஜீனஸுக்கு மாத்தினாலும் அம்மா பேர் மாறாது. பச்சைன்னு அர்த்தம் வர்ற விரிடிஸ் மாதிரி பெயரடைன்னா ஜீனஸோட பாலுக்கு ஏத்த மாதிரி விரிடேன்னு மாறிக்கிட்டே இருக்கும். ஒரு வேண்டுகோள், முழுப் பேரை இங்கயோ வேற எங்கயோ இப்ப எழுதிடாதீங்க. விவரணை இல்லாம வெளிய வந்த பேர் விதிப்படி செல்லாத பேர், ஆனா சுத்திக்கிட்டே இருந்து பின்னால குழப்பம் பண்ணும்.

இன்னொண்ணும் சொல்லணும்னு தோணுது. தள்ளிப்போடாதீங்க. கலிபோர்னியாவுல ஆன்டியாக் மணல்மேட்டுல 1937-ல பிடிச்ச ஒரு புஷ் கிரிக்கெட்டை 1977-லதான் விவரிச்சாங்க. அதுக்குள்ள மணல்மேடு பெரும்பாலும் போயிடுச்சு, தேடியும் ஒண்ணுகூட கெடைக்கல. பேரே நெடுபா எக்ஸ்டிங்க்டான்னுதான் வச்சாங்க, அதாவது அழிஞ்சுபோனது. உங்க ஓடைக்கரைல எவ்வளவு தூரத்துக்கு இது இருக்கு, எந்தச் செடில உக்காருது, பத்து மீட்டர் தள்ளினா இருக்கா இல்லையா, இதையும் விவரணையோட சேர்த்து எழுதுங்க, பின்னால காப்பாத்தணும்னு யாராவது வந்தா அவங்களுக்கு அதுதான் முதல் காகிதம்.


இரவுநடை எழுதியது:

நேத்து ராத்திரி மைக்கோட போனேன், வந்ததும் எழுதணும்னு நெனச்சேன், இப்பதான் முடிஞ்சது.

இலைக்குப் பக்கத்துல 22.5 டிகிரி. முதல் ஆண் பாட ஆரம்பிச்சப்ப எனக்கு அந்த மூணு டிக்தான் கேட்டுச்சு, ஆனா திரையில பாத்தா 31 கிலோஹெர்ட்ஸ் கிட்ட கெட்டியா ஒரு பட்டை, நான் நிறுத்திடுதுன்னு நெனச்ச எடத்துல எல்லாம் பாடிக்கிட்டேதான் இருந்திருக்கு. மூணு டிக்குக்கு அப்புறம் நீளமா ஒரு உரசல், எனக்குத்தான் கேக்கவே இல்ல. புதருக்குப் பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

செத்த ஆணை ஒருநாள் ஈர டப்பால வச்சு, கூட வர்றவரோட மைக்ரோஸ்கோப்ல வால்முனையைப் பாத்தோம். செர்சை அடியில பருத்து, பாதிலேயே உள்பக்கம் மடிஞ்சு, மடிப்புக்குக் கொஞ்சம் முன்னாடி கருப்பா ஒரு பல். ரெண்டு பக்கமும் ஒரே எடத்துல. நாலு தடவை வரைஞ்சேன், நாலாவதுதான் பூச்சி மாதிரி இருக்கு. ஜீனஸ் எதுன்னு ரெண்டுக்குள்ள வந்து நிக்குது, ரெண்டுலயும் சேர்த்து பேர் வச்ச இனம் 19, அதுல 11-க்குத்தான் டைப் போட்டோ கெடைச்சுது. மீதி 8-க்கு மூணு மியூசியத்துக்கு மெயில் எழுதி வச்சிருக்கேன், அனுப்பறதுக்கு முன்னாடி பச்சைமீசை அண்ணா ஒருதடவை படிச்சுப் பாத்தா நல்லா இருக்கும், தனிமடல்ல அனுப்பட்டுமா?

பாடின ஆணை வலைக்கூண்டுல வச்சிருக்கேன், ரெக்கார்டிங்குக்கும் அதுக்கும் நம்பர் 006. இன்னைக்கு ராத்திரி பெண்ணைத் தேடப் போறேன்.


பச்சைமீசை எழுதியது:

அனுப்புங்க, இன்னைக்கே படிச்சிடறேன். அந்த நாலாவது படத்தையும் சேர்த்து அனுப்புங்க. பல் இருக்கற எடத்தை மேலேருந்து மட்டும் இல்லாம பின்பக்கத்துலேருந்தும் ஒண்ணு வரைஞ்சிடுங்க, அந்த 8-ல ரெண்டுக்குப் பழைய கட்டுரையில பின்பக்கப் படம் மட்டும்தான் இருக்கும்.